குஞ்சுக்கல் இன்னும் தெரியவில்லை

ஏரியின் நடுவில் ஒரு நாய் நின்றுகொண்டிருந்தது.

நீந்தவில்லை, நின்றது. செம்மண் நிறம், ஒரு காது மடிந்திருந்தது. தண்ணீர் அதன் கணுக்கால் அளவுதான். கரையிலிருந்து பார்த்தால் தண்ணீரின் மேலேயே நிற்பதுபோல் இருந்தது. அதற்கு எதிரே திட்டு. திட்டு நிறையக் கருவேல மரங்கள், மரங்கள் நிறைய நத்தைகுத்தி நாரைகளும் நீர்க்காகங்களும் கட்டிய கூடுகள், கூடுகளில் இன்னும் பறக்கத் தெரியாத குஞ்சுகள். நாய் திட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

வெயில் ஏறாத நேரம். எனக்குப் பின்னால் மதகின் மேல் அண்ணி ஷட்டர் சக்கரத்தை முழுதாகத் திருகி முடித்துவிட்டுக் கையைத் தலைப்பில் துடைத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் இரைச்சலோடு வாய்க்காலில் விழுந்தது. அன்று எங்கள் முறை. வரிசையில் எங்களுடையதே கடைசி, பங்குனியில் இனி யாருக்கும் முறை இல்லை.

"அண்ணி, அங்க பாருங்க."

நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். "நாயா அது? அங்க எப்டிப் போச்சு?"

"நின்னுக்கினு இருக்குது."

"தண்ணி மேலயா நிக்கும்?" என்று தொடங்கியவர், நாய் இரண்டடி எடுத்து வைத்ததைப் பார்த்துப் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

எங்கள் ஊர் சங்கராபுரத்திலிருந்து கல்வராயன் மலைக்குப் போகும் வழியில், மலை மேற்கே சுவர்போலத் தெரியும் தூரத்தில் இருக்கிறது. மலையில் பெய்தால்தான் எங்கள் ஏரிக்குத் தண்ணீர். ஏரி நிறைந்தால்தான் திட்டு தீவாகும். தீவானால்தான் பறவைகள் கூடு கட்டும். கார்த்திகையில் முதல் நாரைகள் இறங்கியதும் ஊரில் "பொண்ணுங்க வந்துட்டாங்க" என்பார்கள். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண்கள் என்று கணக்கு. அந்த வாரத்தில் யாராவது கள்ளக்குறிச்சிக்குப் போனால் ஒரு டஜன் கண்ணாடி வளையல் வாங்கிவந்து மதகுத் தூணில் கோத்துக் கட்டிவிடுவார்கள். அதன்பின் ஏரிக்கரையில் மேளம் கிடையாது, வெடி கிடையாது. கல்யாண ஊர்வலம் கரைக்கு வந்ததும் வாத்தியத்தை நிறுத்திச் செருப்புச் சத்தத்தோடு மட்டும் கடந்துபோவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கடைசிக் குஞ்சு பறக்கும்வரை திட்டுப் பக்கம் மனிதர் கால் படக்கூடாது. வலை போடுபவர்களும் அந்தப் பக்கத்தை விட்டுவிடுவார்கள்.

இதற்கெல்லாம் மேலே ஒரு கல் உண்டு. மதகுக்குப் பக்கத்தில் தண்ணீருக்குள் நட்ட கருங்கல். பேர் குஞ்சுக்கல். எனக்குத் தெரியாத காலத்தில் ஒரு வருஷம் தண்ணீர் வற்றி, நாய்கள் நடந்தே திட்டுக்குப் போய்விட்டன. கருவேலம் உயரமான மரம் இல்லை. நீர்க்காகம் கை எட்டும் கொம்பிலேயே கட்டும். மிரண்ட குஞ்சு கீழே விழும். அதற்குப் பிறகு பல வருஷம் ஒரு பறவையும் வரவில்லை என்று சொல்கிறார்கள். அதன்பின்தான் திட்டைச் சுற்றி எவ்வளவு தண்ணீர் நின்றால் நாய் போகாது என்று பார்த்து, அந்த மட்டத்துக்குக் கல்லை நட்டிருக்கிறார்கள். கல்லின் தலை தண்ணீருக்கு மேலே தெரிந்துவிட்டால் மதகு மூடப்படும். பயிர் காய்ந்தாலும் சரி. கல் முழுகியிருக்கும்வரை முறை யாருடையதோ அவருக்குத் தண்ணீர் உண்டு. அவர் திறந்த ஷட்டரை அவர்தான் மூட வேண்டும். வேறு கை பட்டால் அது திருட்டு.

நான் எட்டிப் பார்த்தேன். குஞ்சுக்கல் முழுகித்தான் இருந்தது. கலங்கலான தண்ணீருக்கடியில் அதன் தலை மங்கலாகத் தெரிந்தது.

ஆனால் நாய் நின்றுகொண்டிருந்தது.

விஷயம் எனக்கு உடனே விளங்கிவிட்டது, பெரிய புத்திசாலித்தனம் ஒன்றும் இல்லை. நாயின் இருபுறமும் தண்ணீரின் நிறம் வேறாக இருந்தது. கரையிலிருந்து திட்டை நோக்கி நேர்கோடாக ஒரு வெளிறிய பட்டை போனது. போன கோடையில் ஏரியில் வண்டல் எடுத்தார்கள். டிப்பர் லாரிகள் சேற்றில் புதையாமல் இருக்கக் கிராவல் கொட்டி, மேடாக்கி, ஒரு பாதை போட்டார்கள். நல்ல வண்டல் திட்டின் அடிவாரத்தில் கிடந்ததால் பாதை அதுவரை போனது. வேலை முடிந்ததும் பாதையை எடுத்துவிடுவதாகப் பேச்சு. அதற்குள் மழை வந்தது, ஏரி நிறைந்தது, பாதை மறைந்தது, எல்லோரும் மறந்துபோனோம். கல் சொல்வது பழைய ஏரியின் மட்டம். ஏரியை மாற்றியது நாங்கள். கல்லை நம்பியதும் நாங்களேதான்.

அண்ணியிடம் சொன்னேன். அவர் திட்டைப் பார்க்காமல் வாய்க்காலைப் பார்த்தார்.

"பாதை முழுசா தெரியுதா?"

"இல்ல. கரைப் பக்கம் மேடா இருக்குது. திட்டுகிட்ட எறக்கம், இன்னும் ஆழம் இருக்குது. அதான் நாய் நடுவுல நிக்குது."

அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எங்கள் மதகு திறந்திருக்கும்வரை தண்ணீர் இறங்கும். தண்ணீர் இறங்க இறங்க நாய் முன்னேறும்.

அண்ணியின் நிலம் கடைமடையில், வாய்க்கால் முடியும் இடத்தில் இருக்கிறது. மேல் கழனி, கீழ் கழனி என்று இரண்டு. நவரை நெல், பால் பிடிக்கிற நேரம். அந்த நேரத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் கதிர் நிமிர்ந்து நிற்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. கிணற்றில் மாசியிலேயே அடி தெரிந்துவிட்டது. பக்கத்து நிலத்து ஆழ்துளைக் கிணறு அவர்கள் கரும்புக்கே போதவில்லை. அண்ணன் இறந்தபின் நான் பத்திரிகை வேலையை விட்டுவிட்டு அண்ணியோடு இருக்க வந்தேன். வந்த நாளிலிருந்து இந்த இரண்டு கழனிதான் எங்கள் வீட்டுச் சோறு.

"நீ இங்கயே இரு பாப்பா. நாயப் பாத்துக்கினு போன்ல சொல்லு. நான் போய் மடை திருப்பறேன்" என்று அண்ணி மண்வெட்டியை மொபெட்டின் முன்னால் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நான் கரையில் உட்கார்ந்தேன். தண்ணீரில் ஒரு காய்ந்த கோரைத்தண்டு நாய்க்கும் திட்டுக்கும் நடுவில் நின்றது. அதை அடையாளமாக வைத்துக்கொண்டேன். நாய் அதைத் தாண்டினால் தண்ணீர் அங்கேயும் இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

முறை பார்க்கிற பெரியவர் சைக்கிளில் வந்தார். யாருக்கு எந்த நாள் தண்ணீர் என்று சொல்வது அவர் பொறுப்பு. எங்களுக்கு மாமா முறை. நாயைக் காட்டினேன். அவர் முதலில் குஞ்சுக்கல்லைப் பார்த்தார், பிறகு நாயைப் பார்த்தார், மறுபடியும் கல்லைப் பார்த்தார்.

"கல்லு முழுகித்தான கீது" என்றார்.

"நாய் நிக்குதே மாமா."

"நிக்கட்டும். முறை கல்லுக்குத்தான், நாய்க்கு இல்ல." சொல்லிவிட்டு அவரும் கரையில் உட்கார்ந்துகொண்டார். போகவில்லை. அவர் கைகள் முட்டியைப் பிடித்திருந்தன.

போன் அடித்தது. "எங்க கீது?" என்றார் அண்ணி.

"கோரைகிட்ட. உக்காந்துட்டுது."

"தண்ணி இப்பத்தான் மேல் கழனிக்கு வந்துது. மண்ணு குடிக்கிற சத்தம் கேக்குது."

தலைமடைக்காரர் புல்லட்டில் வந்து நிறுத்தினார். மதகை ஒட்டிய நிலம் அவருடையது. முறையில் முதல் ஆள், போன வாரமே பாய்ச்சி முடித்துவிட்டார். வண்டலில் பெரும்பகுதி அவர் நிலத்துக்குத்தான் போயிருந்தது. அவருக்குப் பின்னாலேயே அவர் கரும்பில் தோகை உரிக்கப் போகிற பெண்கள் கூட்டம், தூக்குப் பாத்திரங்களோடு. அந்தக் கூட்டத்தை அழைத்துவரும் அம்மாளுக்கு வாய் சும்மா இருக்காது.

"இன்னா பேப்பர்காரம்மா, காலங்காத்தால நாயக் காவல் காக்கறீங்க?"

பாதையைக் காட்டினேன். அந்த அம்மாள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"அடேங்கப்பா. நாய்க்கு ரோடு போட்டுக் குடுத்த ஊரு நம்ம ஊருதான். எங்க சுடுகாட்டுக்குக் கேட்டு எவ்ளோ நாளாவுது."

பெண்கள் சிரித்தார்கள். தலைமடைக்காரர் சிரிக்கவில்லை. "இதுக்கு இன்னா இப்ப" என்று குனிந்து ஒரு கல்லை எடுத்து வீசினார். கல் நாய்க்குப் பின்னால் விழுந்தது. நாய் எழுந்து எங்கள் பக்கம் வரவில்லை. திட்டுப் பக்கம் ஓடியது. கோரையைத் தாண்டியது. தண்ணீர் வயிற்றைத் தொட்டதும் நின்று திரும்பிப் பார்த்தது.

"கல்லு போடாதீங்க" என்றார் பெரியவர். "இங்கேருந்து தொரத்தினா அது அங்கதான் போவும்."

நாரைகளில் சில எழுந்து வட்டமிட்டுவிட்டு உட்கார்ந்தன. திட்டிலிருந்து குஞ்சுகளின் சத்தம் வந்தது. நிறையப் பேர் ஒரே நேரத்தில் முனகுவதுபோன்ற சத்தம்.

கூட்டத்து அம்மாள் தூக்குப் பாத்திரத்தைத் திறந்தார். "கருவாட்டுக் கொழம்பு. நானே இன்னும் வாய்ல வைக்கல" என்று சொல்லிக்கொண்டே ஒரு துண்டை எடுத்து, பாதை தொடங்கும் இடத்தில் தண்ணீரோரம் வைத்துவிட்டு விலகி வந்தார். நாய் மூக்கைத் தூக்கியது. கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் பார்த்தது. பிறகு எங்களை நோக்கி மெதுவாக நடந்துவந்தது. கருவாட்டைத் தின்றது. அம்மாளின் கையை நக்கப் போனது.

"போ சனியனே. உன் மாமியா வூட்டு விருந்தா இது?"

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் இன்னும் இரண்டு நாய்கள் கரைச் சரிவில் வந்து நின்றன. சங்கராபுரம் சாலையில் கோழிக்கடைக் கழிவு கொட்டும் பள்ளத்தில் வளர்கிற நாய்கள். இறைச்சி வாசம் அவற்றுக்குப் புதிதல்ல. மூன்றும் சேர்ந்து பாதையைப் பார்த்தபடி படுத்துக்கொண்டன.

"ஒண்ணு இருந்தது இப்ப மூணாச்சு. கருவாடு வச்சி அழைச்சிருக்கியே" என்றார் தலைமடைக்காரர்.

"ரோடு போட்டு அழைச்சது நானா?" என்றார் அம்மாள்.

பேச்சு சூடானது. பாதை வாயில் முள்ளைப் போடலாம் என்றார் ஒருவர். கரையோரம் இருபுறமும் கணுக்கால் தண்ணீர்தான், சுற்றிக்கொண்டு ஏறிவிடும். ஆள் நிற்க வைக்கலாம் என்றார் இன்னொருவர். பகலில் நிற்கலாம், குஞ்சு பறக்க இன்னும் ஒரு மாதமாவது ஆகும், அத்தனை ராத்திரி யார் நிற்பது? கடைசியில் பாதையை வெட்டி விடுவது என்று வந்தது. எங்கே வெட்டுவது என்பதில்தான் பிரிந்தார்கள்.

"திட்டுகிட்டப் போய் வெட்டு" என்றார் தலைமடைக்காரர். "அங்கதான் ஆழம். அங்க வெட்டிட்டா தண்ணி கல்லு வரைக்கும் எறங்கினாலும் நாய் போவாது. அந்தம்மாவும் நிம்மதியா பாய்ச்சிக்கும். கொஞ்ச நேர வேலை."

"குஞ்சு பறக்கற வரைக்கும் அங்க யாரும் கால் வைக்கறதில்ல" என்றார் பெரியவர்.

"நாய் கால் வைக்கலாம், நாம வைக்கக்கூடாதா?"

"நடுவுல வெட்டலாம்" என்றார் பெரியவர்.

"நடுவுல வெட்டினா இப்ப கீற தண்ணி அப்டியே நிக்கணும். கல்லு வரைக்கும் வடிஞ்சா அங்க முட்டித் தண்ணிதான் நிக்கும், நாய் எறங்கி ஏறிடும். அப்றம் வெட்டு எதுக்கு?" தலைமடைக்காரர் என் பக்கம் திரும்பினார். "நடுவுல வெட்டணும்னா உங்க அண்ணி இப்பவே ஷட்டர மூடணும். மூடுமா? கேட்டுப் பாரு."

அவர் சொன்னது சரி. ஊருக்கு ஒரு வழி இருந்தது, பறவைகளின் எல்லைக்குள் போவது. அண்ணியிடம் ஒரு வழி இருந்தது, மூடுவது. மற்ற வழி எதுவும் அன்று காலை என் கண்ணில் படவில்லை.

பெரியவர் தடுத்தும் கேட்காமல் தலைமடைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தன் ஆள் ஒருவரை மண்வெட்டியோடு கூட்டிக்கொண்டு பாதையில் இறங்கினார். பாதி தூரம்வரை ஒன்றும் ஆகவில்லை. கோரையைத் தாண்டினார்கள். முட்டிவரை தண்ணீர். இன்னும் கொஞ்சம் போனார்கள்.

திட்டு மொத்தமாக எழுந்தது.

வெள்ளையும் கறுப்புமாக அத்தனை பறவைகளும் ஒரே நேரத்தில் மேலே போயின. இறக்கைச் சத்தம் கரைவரை கேட்டது. அதுவரை இலைக்குள் தெரியாமல் இருந்த கூடுகள் இப்போது திறந்து கிடந்தன. குஞ்சுகள் கழுத்தை நீட்டின. வெயில் ஏறியிருந்தது, நிழல் தர தாய் இல்லை. கரைப் பனையிலிருந்து முதலில் ஒரு காகம் போனது. பின்னால் நான்கைந்து. பின்னால் எண்ண முடியவில்லை. ஒரு காகம் கூட்டின் விளிம்பில் உட்கார்ந்து எதையோ பிடித்து இழுத்தது. கீழ்க் கொம்பிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒன்று தண்ணீரில் விழுந்தது.

கூட்டத்து அம்மாள் வாயில் தலைப்பை வைத்துக்கொண்டார். "வாங்கய்யா, வெளிய வாங்க" என்று சத்தம் போடாமல் கையை மட்டும் ஆட்டினார்.

அவர்கள் திரும்பிவிட்டார்கள். மண்வெட்டி ஒருமுறைகூட மண்ணில் படவில்லை. கரை ஏறிய தலைமடைக்காரர் யாரையும் பார்க்கவில்லை. பறவைகள் ஒவ்வொன்றாக இறங்க வெகுநேரம் ஆயிற்று. சில கூடுகளில் ஒன்றும் இறங்கவில்லை.

போன் அடித்தது. "இன்னா அது, வானம் பூரா பறவையா இருக்குது? இங்கேருந்து தெரியுது."

பார்த்ததைப் பார்த்த வரிசையில் சொன்னேன். வாய்க்கால் சத்தம் போனில் கேட்டது.

"மேல் கழனி முடிஞ்சுது" என்றார். "கீழ் கழனில இப்பத்தான் வாய் வச்சிருக்கு. பாதிகூட ஏறல."

"ம்."

"கல்லு தெரியுதா?"

"தெரியல அண்ணி."

"அப்ப மூட வேண்டியதில்ல. இல்லயா?"

"இல்ல."

"நீ இன்னா சொல்ற?"

"நான் ஒண்ணும் சொல்லல. பாத்ததச் சொன்னேன்."

"ஆமா. பேப்பர்காரி" என்றார். போன் நின்றது.

அதற்குப் பிறகு வந்த நேரம்தான் மோசமானது. அண்ணி வருகிறாரா, பாய்ச்சிக்கொண்டு இருக்கிறாரா என்று தெரியவில்லை. நான் மறுபடி அழைக்கவில்லை. மதகுத் தண்ணீர் இரைந்துகொண்டே இருந்தது. பெரியவர் ஷட்டர் சக்கரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார், கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு. கை தவறிக்கூட அதன் மேல் படக்கூடாது என்பதுபோல. நாய்கள் மூன்றும் எழுந்தன. கூட்டத்தில் மீதமிருந்த கருவாட்டையும் போட்டுப் பார்த்தார்கள். ஒன்றுதான் திரும்பியது. மற்ற இரண்டும் பாதையில் இறங்கி நடந்தன. கோரைத்தண்டைச் சுற்றிக் காலையில் தண்ணீர் நின்ற இடத்தில் இப்போது கிராவல் ஈரமாக மினுங்கியது. முன்னால் போன நாய்க்கு, காலையில் வயிறு நனைந்த இடத்தில், இப்போது முட்டிதான் நனைந்தது.

மேற்கே மலைமேல் ஒரு மேகம் கறுத்து நின்றது. எல்லோரும் அதைப் பார்த்தோம். அங்கே பெய்தால் ஓடையில் வந்து இங்கே சேர ஒரு நாள் ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பார்த்தோம்.

மொபெட் சத்தம் கேட்டது. அண்ணியின் கால்கள் முட்டிவரை கழனிச் சேறு. இறங்கி நேராக மதகுக்கு வரவில்லை. கரையின் விளிம்பில் நின்று நாய்களைப் பார்த்தார், திட்டைப் பார்த்தார். திறந்து கிடந்த கூடுகளில் ஒன்றின் மேல் காகம் இன்னும் உட்கார்ந்திருந்தது. பிறகு கூட்டத்து அம்மாளிடம் திரும்பினார்.

"நான் மூடினா நடுவுல வெட்டித் தருவீங்களா? இப்பவே."

"நாங்க தோக உரிக்க வந்தோம் யக்கா. அந்தய்யாவ கேளு."

எல்லோரும் தலைமடைக்காரரைப் பார்த்தோம். "என் கரும்ப யாரு உரிக்கறது?" என்றார் அவர்.

"கரும்பு நாளைக்கும் அங்கதாண்ணா நிக்கும்" என்றார் அண்ணி. "என் நெல்லு நிக்காது. அது தெரிஞ்சுதான் கேக்கறேன்."

அவர் புல்லட்டின் மேல் உட்கார்ந்து சாவியைத் திருகினார். வண்டியை உதைக்கவில்லை. "கடப்பாரை எங்க கொல்லையில கீது. மண்வெட்டில கிராவல் பேராது" என்று சொல்லிவிட்டு, உதைத்துக்கொண்டு எடுத்துவரப் போனார்.

அண்ணி மதகில் ஏறினார். பெரியவர் விலகி வழிவிட்டார். "கல்லு தெரியலம்மா. உனக்கு இன்னும் முறை கீது. சொல்லாம விட்டேன்னு வேணாம்."

"தெரியும் மாமா."

சக்கரம் திறக்கும்போது சுலபமாகத் திரும்பியது. மூடும்போது ஓடும் தண்ணீரின் அழுத்தத்தில் இறுகிக்கொண்டது. அண்ணி உடம்பின் முழு பாரத்தையும் கொடுத்துத் திருகினார். உதவிக்கு யாரும் கை நீட்டவில்லை, நீட்டவும் கூடாது. தூணில் கட்டிய வளையல்கள் அதிர்ந்து ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. இரைச்சல் மெலிந்து, கசிவாகி, நின்றது. வாய்க்காலில் கடைசித் தண்ணீர் எங்கள் கழனிவரை போகாது, வழியிலேயே மண் குடித்துவிடும்.

நாங்கள் எல்லோரும் இறங்கினோம். நானும். முன்னால் போன நாய்கள், திட்டுப் பக்கம் இன்னும் ஆழமாக இருந்ததால், எங்களைக் கண்டதும் பாதையைவிட்டுத் தண்ணீரில் விலகிச் சுற்றிக்கொண்டு கரைக்குத் திரும்பின. கோரைக்கு இந்தப் பக்கத்தில், பறவைகள் எழாத தூரத்தில், வெட்டத் தொடங்கினோம். தலைமடைக்காரர் சொன்னது நிஜம். லாரிகள் ஏறி இறங்கிய கிராவல் சிமெண்ட் தரைபோல் இறுகியிருந்தது. கடப்பாரையால் குத்திப் பெயர்க்க ஒருவர், அள்ள ஒருவர், வாங்கி வீச ஒருவர். சத்தம் கேட்டுப் பறவைகள் எழுந்துவிடும் என்று யாரும் உரக்கப் பேசவில்லை. கூட்டத்து அம்மாள் மட்டும் கிசுகிசுப்பாகப் பேசிக்கொண்டே இருந்தார்.

"போட்டவனுக்கு லாரி. எடுக்கறவளுக்குக் கூடை."

"சும்மா அள்ளு" என்றார் அண்ணி.

"யக்கா, உன் நெல்லு பாதி போச்சுன்னா நம்ம பொண்ணுங்க முட்ட போட்டுக் குடுக்கும், வறுத்துத் தின்னு."

அண்ணி சிரித்தார். அன்று அவர் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

வெயில் உச்சிக்குப் போனது. தண்ணீர் வெட்டுக்குள் புகுந்ததும் கலங்கல் ஏறி, அடி தெரியாமல் போனது. காலால் தடவித் தடவி அள்ளினோம். தலைமடைக்காரரும் இடுப்புத் தண்ணீரில் நின்றார். அவர் அள்ளிய மண்ணை அண்ணிதான் வாங்கினார். வெட்டு ஒரு மாட்டுவண்டி நீளம் அகன்றபிறகு, வேலிக்காத்தான் முள்ளை வெட்டிவந்து, கட்டுக் கட்டாக இரண்டு விளிம்பிலும் கல் வைத்து அமிழ்த்தினோம்.

கரையேறி உட்கார்ந்து பார்த்தோம். வெயில் சாயும்போது மடிந்த காது நாய் மறுபடி பாதையில் நடந்தது. வெட்டின் விளிம்புக்குப் போனது. முன்காலை நீட்டித் தண்ணீருக்குள் விட்டது, முள் குத்தியிருக்க வேண்டும், சட்டென்று எடுத்துக்கொண்டது. இடது பக்கம் இறங்கப் பார்த்தது, அங்கே ஆழம். நீந்திவிடுமோ என்று பெரியவர் பாதி எழுந்தார். நாய் நெடுநேரம் நின்றது. திட்டில் குஞ்சுகள் தீனி கேட்டுக் கத்தின. பிறகு அது திரும்பி, எங்களைத் தாண்டி, கோழிக்கழிவுப் பள்ளத்தின் திசையில் போயிற்று.

மலைமேகம் அன்று கலைந்துவிட்டது. அந்த மாதம் முழுக்க எங்கள் பக்கம் மழை இல்லை.

அதற்குப் பிறகு ஊரில் கூட்டம் போட்டார்கள். கல்லை உயர்த்தி நட வேண்டும் என்று தலைமடையிலிருந்து ஒரு கட்சி. உயர்த்தினால் மதகு சீக்கிரம் மூடப்படும், நஷ்டம் கடைமடைக்கு. அண்ணி அங்கே பேசியது ஒரே வாக்கியம். "கல்லு சரியாத்தான் கீது, ரோட்ட எடுங்க." எடுப்பதாக முடிவானது. கோடையில் ஏரி வற்றியதும் தலைமடைக்காரர் தன் டிராக்டரை அனுப்பினார். பாதையில் பாதி போயிருக்கிறது. மீதி இதை எழுதும்போதும் அங்கேயே கிடக்கிறது. போகும்போதும் வரும்போதும் பார்க்கிறேன்.

அறுப்பு சித்திரையில் நடந்தது. மேல் கழனி நன்றாக விளைந்திருந்தது. கீழ் கழனியில் தண்ணீர் நின்ற இடம்வரை கதிர் தலை சாய்ந்திருந்தது, அதற்கு அப்பால் நிமிர்ந்து வெளுத்து நின்றது. நடுவில் கோடு கிழித்ததுபோல் இருந்தது. அறுப்பு மெஷின் ஓட்டி வந்தவர் அந்தக் கோட்டில் வண்டியை நிறுத்திக் கேட்டார். "இதையும் அறுக்கணுமாக்கா? பதர்தான் வரும்."

"அறுத்துடுங்க" என்றார் அண்ணி. "மாட்டுக்காவது ஆவும்."

அந்த வாரம்தான் திட்டு காலியாகத் தொடங்கியது. இளம் நாரைகள் முதல் நாட்களில் ஏரிக்கரையைத் தாண்டவில்லை. பிறகு ஒரு காலையில் வாய்க்கால் வழியாகவே பறந்து கடைமடைக்கு வந்தன. இன்னும் அழுக்குச் சாம்பல் நிறம், அலகு முழுதாக வளைந்திருக்கவில்லை. மேல் கழனியின் தாழ்ந்த மூலையில் கொஞ்சம் ஈரம் ஒட்டியிருந்தது. அங்கே அறுத்துவிட்ட நெல்தாளுக்கு நடுவே இறங்கி நத்தை தேடின. நானும் அண்ணியும் வரப்பில் நின்றோம். வைக்கோல் கட்ட வந்தவர்கள்கூட அவை எழுந்துவிடக் கூடாதென்று அந்த மூலையை விட்டுக் கட்டினார்கள்.

கீழ் கழனியின் காய்ந்த பாதியில் ஒன்றும் இறங்கவில்லை. அங்கே நத்தை இல்லை.

"பாத்தியா பாப்பா" என்றார் அண்ணி. "ஈரம் இருக்கற எடத்துலதான் எறங்குதுங்க. இந்தப் பாதி எதுக்காகக் காஞ்சுதுன்னு அதுங்களுக்கு யாரு சொல்றது."

குரலில் கசப்பு இருந்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அவர் வரப்பில் உட்கார்ந்து, பதர்க் கதிர் ஒன்றைப் பிடுங்கி உள்ளங்கையில் தேய்த்து ஊதினார். எல்லாம் பறந்துவிட்டது. கையை உதறிவிட்டு, நாரைகள் போகும்வரை அங்கேயே இருந்தார்.